கத்திரி வெயிலும் பழைய அம்பாசடரும்: எந்த ஆயில் ஊற்றுவது?

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



"நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற, நம்ம வண்டிக்கு என்ன ஆயில் ஊத்தலாம், சொல்லு" என்ற கேள்வியைச் சந்திக்காத டிப்ளமோ மாணவன் நம் கல்லூரியில் இருக்க முடியாது. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நானும் அதைச் சந்தித்தேன். தைரியமாகப் பதிலும் சொன்னேன். அந்தப் பதில் தவறு. எங்கே தவறினேன் என்பது எனக்கே விளங்க ஒரு வருஷம் ஆயிற்று. புத்தகத்தில் இருந்ததையும் ஒர்க் ஷாப்பில் பார்த்ததையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் சித்தப்பாவிடம் 1988 மாடல் வெள்ளை அம்பாசடர் ஒன்று உண்டு. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கல்யாணம், சாந்தி என்றால் மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய வெள்ளை அம்பாசடரைத்தான் இன்றும் தேடுகிறார்கள். முகூர்த்த மாதங்களில் அந்த வண்டி சம்பாதிப்பதில்தான் சித்தப்பா வீட்டின் பாதிச் செலவு ஓடுகிறது. மெக்கானிக் அண்ணன் பல வருஷமாக அதற்கு 20 டபிள்யூ 50 ஆயில்தான் ஊற்றி வந்தார்.

நான்தான் குறுக்கே போனேன். "சித்தப்பா, இப்ப எல்லாம் 5 டபிள்யூ 30 ஃபுல் சிந்தெடிக் வந்திருக்கு. மெல்லிசா இருக்கும், உராய்வு குறையும், மைலேஜ் கூடும்" என்றேன். "படிக்கிற பிள்ளை சொல்லுது, சரியாத்தான் இருக்கும்" என்று அவரும் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கி ஊற்றினார்.

அடுத்த வாரம் அக்கினி நட்சத்திரத்தின் நடுவில் மதுரைக்கு ஒரு சவாரி. திருப்பத்தூர், மேலூர் வழியாக ஓடியவரை ஒன்றும் தெரியவில்லை. மாட்டுத்தாவணி நெரிசலில் வண்டி ஐட்லிங்கில் நின்றதும் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைந்தது, விட்டால் மறுபடி மினுக்கியது. இரவு திரும்பி வரும்போது மினுக்கவில்லை என்பதால் "வயர் லூஸா இருக்கும்" என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து எஞ்சினுக்குள் 'டொக் டொக்' சத்தம் ஆரம்பித்தது. சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால் கனெக்டிங் ராடு பேரிங்குகளில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. கிராங்க் ஷாஃப்ட்டை மதுரைக்கு அனுப்பி கிரைண்டிங் செய்ய வேண்டியதாயிற்று. வைகாசி முகூர்த்தம் முழுக்க வண்டி ஷெட்டில் கிடந்தது. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெக்கானிக் அண்ணன் மட்டும் கேட்டார்: "தம்பி, வண்டிக்கு வயசு என்ன, உங்க ஆயிலுக்கு வயசு என்ன?"

ஆயில் பேரிங்கை எப்படித் தாங்குகிறது?

உராயும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே வழுவழுப்பாக ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான் மசகு எண்ணெய் என்று நாம் நினைக்கிறோம். 1883-இல் பீச்சாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே வந்தது. கார்க் வைத்து அடைத்தார், மரக்கட்டை வைத்து அடைத்தார். இரண்டையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. கடைசியில் அங்கே ஒரு பிரஷர் கேஜைப் பொருத்தினார். அது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டியது! பம்ப் எதுவும் கிடையாது. சுழலும் அச்சே எண்ணெயைக் குறுகலான இடைவெளிக்குள் ஆப்பு மாதிரி இழுத்துக்கொண்டு போய் அந்த அழுத்தத்தை உண்டாக்கி, தன் பாரத்தைத் தானே எண்ணெய் மேல் மிதக்கவிட்டுக்கொள்கிறது. 1886-இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். மெஷின் டிசைன் பாடத்தில் 'இசட் என் பை பி' என்று மனப்பாடம் செய்கிறோமே, அதன் பிறப்பு இங்கேதான்.

அதை ஒரு தரம் நிதானமாகப் பாருங்கள். இசட் என்பது பாகுநிலை, என் என்பது வேகம், பி என்பது பாரம். எண்ணெய்ப் படலத்தின் கனம் இந்த மூன்றையும் பொறுத்தது. ஐட்லிங்கில் வேகம் குறைவு. வெயிலில் பாகுநிலையும் குறைந்துவிட்டால் படலம் எங்கிருந்து வரும்? நெடுஞ்சாலையில் தொல்லை தராத வண்டி ரயில்வே கேட்டிலும் சிக்னலிலும் விளக்கை மினுக்குவது இதனால்தான்.

டப்பாவில் உள்ள எண்கள்

20 டபிள்யூ 40 என்பதில் 'டபிள்யூ' என்ற எழுத்து வின்டரைக் குறிக்கும், அதாவது குளிர்காலம். 'வெயிட்' என்று சொல்பவர்கள் நம் ஆசிரியர்களிலேயே உண்டு (மன்னிக்கவும், சார்). 20 டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கும் சோதனையில் தேறியது; 5 டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் தேறியது. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே சிவகங்கைச் சீமைக்கு முதல் எண்ணுக்காகக் காசு கொடுப்பது, காரைக்குடியில் கம்பளிக் கோட் வாங்குவது போல.

நமக்கு வேண்டியது இரண்டாவது எண். அது 100 டிகிரி செல்சியஸில் உள்ள பாகுநிலை. எஸ்.ஏ.இ. அளவுப்படி 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. இதோடு இன்னொரு சோதனையும் உண்டு. 150 டிகிரியில், பேரிங்குக்குள் நடப்பதுபோல் எண்ணெயை வேகமாகக் கிழித்து அளக்கிறார்கள். அதில் 30-க்குக் குறைந்தபட்சம் 2.9 மில்லிபாஸ்கல் செகண்ட் போதும். 20 டபிள்யூ 40-க்கும் 20 டபிள்யூ 50-க்கும் 3.7 வேண்டும். நான் ஊற்றச் சொன்னது 2.9 ரகம்.

சரி, வெளியே 40 டிகிரி வெயில் அடித்தால் எஞ்சினுக்குள் என்ன? ரேடியேட்டர் தண்ணீரை தெர்மோஸ்டாட் ஓரளவு ஒரே சூட்டில் வைத்திருக்கும். ஆனால் அம்பாசடரில் ஆயிலுக்குத் தனி கூலர் கிடையாது. சம்ப்பின் அடியில் உரசிப்போகும் காற்றுதான் கூலர். காற்று 15 டிகிரி கூடினால் சம்ப் ஆயிலும் ஏறக்குறைய அந்த அளவு கூடும். ரேடியேட்டரில் பாதி உப்பு அடைத்த பழைய வண்டியில், ஏ.சி. இல்லாவிட்டாலும், எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகும் கல்யாண வண்டியில், ஆயில் 120 டிகிரியைத் தொடுவது ஆச்சரியம் இல்லை. இந்த 20 டிகிரி என்ன செய்யும் என்று வால்தர் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். 100 டிகிரியில் 14.5 இருக்கும் 20 டபிள்யூ 40 ஆயில், 120 டிகிரியில் சுமார் 9 சென்டிஸ்டோக் ஆகிவிடுகிறது. 20 டபிள்யூ 50 சுமார் 11.5-இல் நிற்கிறது. 5 டபிள்யூ 30 ஏழுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது கத்திரி வெயிலில் நாற்பது முப்பதாகவும், முப்பது இருபதாகவும் நடந்துகொள்கிறது.

ஆனால் குற்றவாளி ஆயில் மட்டும்தானா?

இதைத்தான் நான் நெடுநாள் கவனிக்கவில்லை. 9 எங்கே, 7 எங்கே? வித்தியாசம் இருபது சதவீதத்துக்குச் சற்று மேல். அதற்காக ஒரு எஞ்சின் படுத்துவிடுமா?

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த ஒரு விஷயத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குறுகிய சந்து வழியே ஒழுகும் திரவத்தின் அளவு, அந்தச் சந்தின் அகலத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். பேரிங்கின் இடைவெளி 0.05 மி.மீ.யிலிருந்து தேய்ந்து 0.075 ஆனால், ஒன்றரை மடங்கு. ஒன்றரையின் மும்மடி சுமார் 3.4. ஆயில் பம்ப் அதே வேகத்தில் அதே அளவுதான் தள்ளும். ஒழுகுவது 3.4 மடங்கு சுலபமாகிவிட்டால் அழுத்தம் அந்த அளவு இறங்கும்.

அம்பாசடர் எஞ்சினின் மூலமான பி.எம்.சி. 'பி' சீரிஸ் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால், சூடான பிறகு ஓட்டத்தில் சுமார் 50 பவுண்டும் ஐட்லிங்கில் சுமார் 15 பவுண்டும் காட்டும். 15-ஐ 3.4-ஆல் வகுத்தால் 4.4. தேய்ந்த பேரிங்கில், 20 டபிள்யூ 40 ஊற்றினால் கிடைப்பது இது. 20 டபிள்யூ 50 ஊற்றினால் 5.6 ஆகிறது. 5 டபிள்யூ 30 ஊற்றினால் 3.4 ஆகிறது. விளக்கின் ஸ்விட்ச் ஐந்து பவுண்டு வாக்கில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம் (வண்டிக்கு வண்டி மாறும்). ஐம்பதில் அணைந்திருந்த விளக்கு முப்பதில் ஏன் மினுக்கியது என்பது இப்போது விளங்கும். உண்மை எஞ்சினில் ஆயில் வேறு பல வழிகளிலும் ஒழுகுவதால் இந்தக் கணக்கு அச்சு அசலாக வராது. ஆனால் போகும் திசை சரி.

ஆக, பேரிங் ஏற்கெனவே முக்கால்வாசி தேய்ந்துதான் இருந்தது. கெட்டி ஆயில் அதை மூடி வைத்திருந்தது, மெல்லிய ஆயில் அம்பலமாக்கிவிட்டது. இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. ஐம்பதோடு ஓடியிருந்தால் அந்த வண்டி ஒரு முகூர்த்த சீசனைத் தாண்டியிருக்கும். மழைக்காலத்தில், சவாரி இல்லாத நாளில், சாவகாசமாக வேலை பார்த்திருக்கலாம்.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "எந்த ஆயில் நல்லது?" என்று கேட்காதீர்கள். "இந்த எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது?" என்று கேளுங்கள். எண்பது ரூபாய் டீக்கடை அரட்டையில் பதில் வராது. ஆயில் ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, அரைமணி ஓட்டிவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு ஐட்லிங்கில் பார்த்தால் வண்டியே சொல்லிவிடும்.

பேரிங், ரிங் எல்லாம் நல்ல நிலையில் உள்ள அம்பாசடருக்கும் பத்மினிக்கும் நம் வெயிலில் 20 டபிள்யூ 40 தாராளமாகப் போதும். ஐட்லிங் அழுத்தம் இறங்கியிருந்தால், கோடையில் 20 டபிள்யூ 50. அப்படியும் விளக்கு மினுக்கினால் அதற்கு மேல் கெட்டியான ஆயிலைத் தேடி அலைய வேண்டாம். சம்ப்பைக் கழற்ற வேண்டிய நேரம் அது. சில பழைய மெக்கானிக்குகள் '40 நம்பர்' மோனோகிரேடுதான் வேண்டும் என்பார்கள். நம் ஊர் சூட்டுக்கு அதிலும் பெரிய கெடுதல் இல்லை. நான் போட்ட கணக்கில் 120 டிகிரியில் மோனோகிரேடு 40-ம் 20 டபிள்யூ 40-ம் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் மல்டிகிரேடு சற்று முந்திக்கொண்டு டேப்பெட்டுக்கு ஏறும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பக்கத்து வீட்டுப் புதுக் காரில் 20 டபிள்யூ 50 ஊற்றிவிடாதீர்கள்! புது எஞ்சின்களின் இடைவெளியும் ஆயில் வழிகளும் 0 டபிள்யூ 20, 5 டபிள்யூ 30 போன்றவற்றுக்கென்றே அமைத்தவை. அங்கே கையேடு சொல்வதுதான் வேதம்.

கெட்டி ஆயிலுக்கும் விலை உண்டு. கேஜ் முள் மேலே ஏறுவதைப் பார்த்து 'பிரஷர் சூப்பர்' என்கிறோம். அழுத்தம் என்பது ஆயில் போவதற்கு உள்ள தடையின் அளவு, அவ்வளவுதான். தேவைக்கு மேல் கெட்டியானால் பேரிங் வழியே போகும் ஆயில் குறையும், ஆயிலோடு போக வேண்டிய சூடும் அங்கேயே தங்கும். காலையில் ஸ்டார்ட் செய்த உடன் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்துகொண்டு வடிகட்டாத ஆயில் சுற்றும். பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும்.

எழுத்துகளைப் பற்றி

டப்பாவில் ஏ.பி.ஐ. என்று போட்டு இரண்டு எழுத்து இருக்கும். 'எஸ்' வரிசை பெட்ரோல் எஞ்சினுக்கு, 'சி' வரிசை டீசலுக்கு. 1980-இல் எஸ்.எஃப்., 2010-இல் எஸ்.என்., 2020-இல் எஸ்.பி. என்று போய்க்கொண்டே இருக்கிறது. பிந்திய எழுத்து முந்தியதைவிட உயர்ந்தது என்பது பொதுவிதி. பழைய வண்டிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அம்பாசடர், பத்மினி எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் தட்டையான டேப்பெட்டை உரசிக்கொண்டே தூக்குகிறது. அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் நிற்காது. துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மானம்தான் உலோகத்தின்மேல் பூச்சாகப் படிந்து காப்பாற்றுகிறது. புதுக் கார்களின் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், எஸ்.என். தரத்து 5 டபிள்யூ 30 போன்ற மெல்லிய ரகங்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்த மேல்வரம்பு 20 டபிள்யூ 40, 20 டபிள்யூ 50 ரகங்களுக்குக் கிடையாது. கன்வெர்ட்டரே இல்லாத நம் பழைய வண்டிக்கு இது இன்னொரு காரணம்.

ஆயில் என்றதும் நம் மண்ணுக்கு ஒரு பந்தம் உண்டு என்பது நினைவுக்கு வருகிறது. நகரத்தார் பர்மாவில் கொண்டுவிற்ற காலத்தில், ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை நடத்தியது 1886-இல் தொடங்கிய பர்மா ஆயில் கம்பெனி. அதே கம்பெனிதான் 1966-இல் காஸ்ட்ரால் நிறுவனத்தை வாங்கியது. காஸ்ட்ரால் என்ற பெயர் 1909-இல் 'காஸ்டர் ஆயில்' என்பதிலிருந்து வந்தது, அதாவது நம்ம விளக்கெண்ணெய்! ஒன்றும் தெரியாதவனை 'விளக்கெண்ணெய்' என்று திட்டுகிறோமே, அந்தக் கால ரேஸ் கார்களுக்கும் விமானங்களுக்கும் அதுதான் உயிர் காத்தது.

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்

எந்த ஆயிலை ஊற்றினாலும் அது கெடாமல் இருக்க வேண்டுமே. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டிகளில் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சம்ப்புக்குள் இறங்கும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் டயாஃப்ரமுக்கு ஒத்துவராமல் போகலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அந்த ஐம்பது எப்போதோ முப்பதாகி இருக்கும்.

இதை நம் லேபிலேயே நிரூபிக்கலாம். ரெட்வுட் விஸ்காமீட்டரில் 50 மில்லி ஆயில் இறங்க எத்தனை செகண்ட் என்று ரெக்கார்டு நோட்டுக்காக ஒரு தரம் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். நான் சித்தப்பா வண்டியில் வடித்த ஆயிலையும், அதே ரகப் புது ஆயிலையும் ஒரே சூட்டில் வைத்து அடுத்தடுத்து இறக்கிப் பார்த்தேன். வடித்த ஆயில் முந்திக்கொண்டு இறங்கியது. பம்ப்பைக் கழற்றினால் டயாஃப்ரம் ஓரத்தில் ஒரு சிறு வெடிப்பு. புது ஆயிலைக் குறை சொல்வதற்கு முன் அதை யாரும், நான் உட்பட, பார்க்கவில்லை.

வடித்த ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊருணிக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பர்மா தேக்குக் கதவில் கரையானுக்கு என்று தடவுகிறவர்களும் உண்டு. எஞ்சினில் வெந்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் சேர்ந்திருக்கும். கேனில் பிடித்து மூடி, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குப் போகும்படி ஒர்க் ஷாப்பில் கொடுப்பதே முறை.

இப்போது சித்தப்பா வண்டியில் கிராங்க் கிரைண்டிங் முடிந்து, 20 தவ் அண்டர்சைஸ் பேரிங் போட்டு, புது டயாஃப்ரம் மாட்டி, 20 டபிள்யூ 40 ஊற்றியிருக்கிறோம். 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றுவதாக ஏற்பாடு. பின் கிராங்க் ஓரத்தில் ஆயில் சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. அங்கே ரப்பர் சீலே கிடையாது, எதிர்ப்புரி வெட்டிய ஒரு சுருள்தான். வண்டி நின்றால் சொட்டத்தான் செய்யும். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பிரஷர் கேஜும் மாட்டியாயிற்று. சென்ற சித்திரையில் பிள்ளையார்பட்டிச் சாலையில், உச்சிவெயிலில், ஐட்லிங்கில் பார்த்தோம். முள் 14-இல் நின்றது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார்.